காந்த ரப்பரா, காற்றுத் தசையா, நிட்டினால் கம்பியா? மூன்று வேலைகள், மூன்று கணக்குகள்

40 மி.மீ நீளம், 10 மி.மீ அகலம், 1 மி.மீ தடிமன். சிலிக்கோன் ரப்பரில் நியோடிமியம் காந்தத் துகளைக் கலந்து வார்த்த ஒரு பட்டை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு 20 மில்லிடெஸ்லா காந்தப்புலத்துக்குள் நீட்டினால், பாம்பு தலை தூக்குவதுபோல வளைந்து எழும். ஒயர் இல்லை, குழாய் இல்லை, சத்தம் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் இன்னொரு தடவை காட்டச் சொல்வார்கள். அந்த நுனி எதையாவது தள்ளினால் எவ்வளவு விசை வரும் என்று கணக்குப் போட்டால் 2.4 கிராம் எடைக்குச் சமம். ஒரு ரூபாய் நாணயத்தைக்கூடத் தூக்காது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு யார் வந்து "செயற்கைத் தசை செய்யப் போகிறோம் சார்" என்று சொன்னாலும் முதலில் இந்தக் கணக்கைத்தான் போடச் சொல்கிறேன். இந்த வருடம் மூன்று குழுக்கள் வந்தன. பக்கவாதம் வந்தவர்களின் விரலை மடக்கி நீட்டும் பயிற்சிக் கையுறை ஒரு குழுவுக்கு. முட்டையை உடைக்காமல் எடுத்து வைக்கும் மென்மையான பிடிப்பான் இன்னொன்றுக்கு. ரத்தக் குழாயின் மாதிரி வடிவத்துக்குள் போய்த் திரும்பும் கத்தீட்டர் நுனி (உடம்புக்குள் செலுத்தும் மெல்லிய மருத்துவக் குழாயின் முனை) மூன்றாவது குழுவுக்கு. மூன்று பேருக்கும் காந்த ரப்பர்மேல்தான் ஆசை. காரணம் புரிகிறது. 2018இல் நேச்சர் இதழில் ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றில் ஸ்டுட்கார்ட்டில் மெட்டின் சிட்டியின் குழு 3.7 மி.மீ நீள ரப்பர்ப் பட்டை ஒன்றை நடக்கவும் உருளவும் நீந்தவும் குதிக்கவும் வைத்தது. மற்றொன்றில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷுவான்ஹே ஜாவோவின் குழு காந்தத் துகள் கலந்த மையை, முனையில் காந்தம் பொருத்திய 3டி பிரிண்டரால் அச்சடித்து, எந்த இடம் எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்பதை அச்சடிக்கும்போதே எழுதி வைத்தது. அந்த வீடியோக்களைப் பார்த்தால் எனக்கும் ஆசை வருகிறது. ஆனால் வீடியோவில் பட்டைக்கு அருகே என்ன காந்தம் இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

நான் சொல்ல வருவது அதைத்தான். காந்த ரப்பர் என்பது பாதித் தசை. மறுபாதி வெளியே காந்தமாகவோ கம்பிச்சுருளாகவோ நிற்கிறது. காற்றை ஏற்றினால் சுருங்கும் ரப்பர்க் குழாயான காற்றுத் தசையோடும், சூடாக்கினால் சுருங்கும் நிட்டினால் உலோகக் கம்பியோடும் ஒப்பிடும்போது அந்த வெளிப்பாதியையும் சேர்த்து எடை போட வேண்டும்.

சரி, 2.4 கிராம் எப்படி வந்தது? கலவையில் துகளின் பங்கு கன அளவில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். துகளில் தங்கி நிற்கும் காந்தம் சுமார் 0.75 டெஸ்லா. ஆக, கலவையின் காந்தமாக்கம் மீட்டருக்கு ஏறக்குறைய 1,20,000 ஆம்பியர். அதை 0.02 டெஸ்லாவால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 2400 நியூட்டன். நுனியை நகரவிடாமல் தடுத்தால் அது தள்ளும் விசை, இந்த 2400ஐக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் கிடைப்பது. 10 சதுர மி.மீ என்றால் 0.024 நியூட்டன். பட்டையின் நீளம் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நீளத்தைக் கூட்டினால் வளைவு கூடும், தள்ளும் விசை கூடாது. நம் உடம்புத் தசை சதுர மீட்டருக்குச் சாதாரணமாக 1,00,000 நியூட்டன், உச்சத்தில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும். தசை இழுக்கிறது, பட்டை வளைகிறது என்பதால் இது நேருக்கு நேர் ஒப்பீடு அல்ல. இருந்தாலும் 2400 எங்கே, ஒரு லட்சம் எங்கே என்பது மனதில் பதிய வேண்டும்.

இதே கணக்கின் இன்னொரு பக்கம்தான் காந்த ரப்பரின் பலம். பட்டை எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது, மொத்த அளவைப் பொறுத்தது அல்ல. 40 மி.மீக்கு 1 மி.மீ தடிமன் உள்ள பட்டை எவ்வளவு வளையுமோ, அதே புலத்தில் 4 மி.மீக்கு 0.1 மி.மீ உள்ளதும் அவ்வளவே வளையும். சின்னதாக்கச் சின்னதாக்க எதுவும் கெடுவதில்லை. காற்றுக் குழாயை 0.1 மி.மீக்குச் சுருக்கிப் பாருங்கள், எத்தனை பாடு என்று தெரியும்.

வெளியே நிற்கும் பாதி

புலத்தை எங்கிருந்து கொண்டுவருவது? நிலைக்காந்தம் ஒரு வழி. 50 மி.மீ விட்டம், 25 மி.மீ உயரமுள்ள நல்ல நியோடிமியம் உருளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 370 கிராம். அதன் முகத்திலிருந்து 20 மி.மீ தள்ளி 160 மில்லிடெஸ்லா கிடைக்கும். 50 மி.மீ தள்ளினால் 35. 100 மி.மீ தள்ளினால் வெறும் 7. தூரம் கூடினால் புலம் விழுவது இவ்வளவு வேகமாக. காந்தத்தை விட்டு ஓரளவு விலகிய பிறகு, தூரம் இரட்டிப்பானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். மேசைமேல் அருமையாக வேலை செய்த ஒன்று, நடுவில் ஒரு கையையோ ஒரு தண்ணீர்த் தொட்டியையோ வைத்ததும் அசையாமல் கிடப்பதற்கு இதுதான் காரணம். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த அளவுக் காந்தங்கள் இரண்டு ஒன்றை ஒன்று தாவிப் பிடித்தால் நடுவில் மாட்டிய விரல் நசுங்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அறைக்கே வரக்கூடாது.

கம்பிச்சுருள் இரண்டாவது வழி. 10 செ.மீ ஆரமுள்ள இரண்டு வளையங்களை 10 செ.மீ இடைவெளியில் நிறுத்தினால் நடுவில் சீரான புலம் கிடைக்கும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைப்பு என்று பிளஸ் டூவிலேயே பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 20 மில்லிடெஸ்லா வேண்டுமென்றால் ஒவ்வொரு வளையத்திலும் 300 சுற்று, 7.4 ஆம்பியர். 18 கேஜ் எனாமல் கம்பியில் சுற்றினால் மொத்தம் 377 மீட்டர் கம்பி, 5.6 ஓம் மின்தடை. விரயமாகும் வெப்பம் 300 வாட். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி அளவு. அதே சுருளில் 5 மில்லிடெஸ்லா போதும் என்றால் 19 வாட்டில் முடிந்துவிடும். புலம் நாலில் ஒன்றானால் சூடு பதினாறில் ஒன்று. அதனால் "எவ்வளவு குறைந்த புலத்தில் என் வேலை நடக்கும்" என்ற கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். சுருளைக் கையால் சுற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். மோட்டார் ரீவைண்டிங் கடையில் சுற்று எண்ணிக்கையும் கேஜும் எழுதிக் கொடுத்தால் நேர்த்தியாகச் சுற்றி வார்னிஷும் போட்டுக் கொடுப்பார்கள். அவர்கள் கைக்கு இது சின்ன வேலை.

சுருளில் திசையை நினைத்த மாத்திரத்தில் மாற்றலாம், வினாடிக்குப் பல பத்து முறை அதிரவும் வைக்கலாம். நிலைக்காந்தத்துக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் அதை நகர்த்த ஒரு கை வேண்டும், அது மனிதக் கையோ ரோபோ கையோ.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. புலம் என்பது மழை மாதிரி, எல்லோர் மேலும் விழும். ஒரே இடத்தில் ஐந்து காந்த விரல்கள் இருந்தால் ஐந்தும் ஒரே நேரத்தில் அசையும். ஒன்றை மட்டும் அசைக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றின் காந்தத் திசையையோ விறைப்பையோ வேறுபடுத்தி வார்க்க வேண்டும். அப்புறமும் முழுச் சுதந்திரம் கிடைக்காது. காற்றில் இது ஒரு வால்வு சமாசாரம்.

எந்தத் துகள்?

காந்த ரப்பர் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே மூன்று வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. மாணவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

முதலாவது கார்போனைல் இரும்பு. இரும்பு பென்டாகார்போனைல் என்ற திரவத்தைச் சூட்டில் சிதைத்து எடுக்கும், சில மைக்ரான் அளவுள்ள, பந்து போன்ற துகள். காந்தப்புலத்தில் கெட்டியாகும் எண்ணெய்களுக்கும் இதையே போடுகிறார்கள். விலை குறைவு, எளிதில் கிடைக்கும். பாடப்புத்தக மொழியில் மென்காந்தப் பொருள். புலம் இருக்கும்போது மட்டும் காந்தம், எடுத்துவிட்டால் வெறும் இரும்பு.

இரண்டாவது நியோடிமியம்-இரும்பு-போரான். வன்காந்தம். ஒருமுறை காந்தமாக்கினால் அப்படியே நிற்கும்.

இரண்டுக்கும் நடுவே எப்படி முடிவு செய்வது? இங்கே ஒரு கணக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடும். 20 சதவீதம் இரும்புத்தூள் கலந்த ரப்பர், புலத்தின் அளவைப் பொறுத்துத்தான் காந்தமாகும். 20 மில்லிடெஸ்லாவில் அதன் காந்தமாக்கம் மீட்டருக்கு ஏறக்குறைய 12,000 ஆம்பியர். அதே பங்கு நியோடிமியம் கலந்தது 1,20,000. பத்து மடங்கு வித்தியாசம். புலத்தை 200 மில்லிடெஸ்லாவுக்கு உயர்த்தினால் இரண்டும் சமமாகிவிடும். ஆகவே காந்தத்தை ஒட்டியே வேலை நடக்கப்போகிறது, 20 மி.மீக்குள்தான் தூரம் என்றால் இரும்புத்தூளே போதும், நியோடிமியத்துக்குச் செலவழிப்பது வீண். 50 மி.மீ தாண்டினாலோ கம்பிச்சுருளால் இயக்கினாலோ நியோடிமியம் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது வித்தியாசம் திசை. இரும்புத்தூள் ரப்பர் காந்தத்தை நோக்கி வரும், அவ்வளவுதான். காந்தத்தைத் திருப்பிப் பிடித்தாலும் நோக்கித்தான் வரும். தள்ள முடியாது. திரும்பி வருவதை ரப்பரின் மீட்சி பார்த்துக்கொள்ள வேண்டும். வன்காந்த ரப்பர் புலத்தின் திசையோடு சேர முயலும், புலத்தைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் வளையும். ஒரு பட்டையை 'எஸ்' வடிவத்தில் மடித்து வைத்துக் காந்தமாக்கிவிட்டு நீட்டினால், பிறகு புலத்தில் அது அந்த மடிப்பின் நினைவோடு நெளியும். சிட்டியின் குழு பட்டையை ஒரு தண்டில் சுற்றி வைத்துக் காந்தமாக்கியதால்தான் அது புழு மாதிரி அலைந்தது.

மூன்றாவது வித்தியாசம், செய்முறையில் இடிக்கும் ஒன்று. வன்காந்தத் துகளைக் காந்தமாக்க 2.5 முதல் 3 டெஸ்லா வேண்டும். மேசைமேல் இருக்கும் எந்தக் காந்தமும் அதைத் தராது. மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை ஒரே அடியாகச் சுருளில் பாய்ச்சும் காந்தமாக்கி வேண்டும். மோட்டாரோ ஸ்பீக்கரோ செய்யும் ஆலைகளில் அது இருக்கும். கேட்டுப் போய்ச் செய்துகொண்டு வரலாம். வேலையைத் தொடங்கும் முன்பே அந்த அனுமதி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் விலை கொடுத்து வாங்கிய துகள் வெறும் கனமான தூளாக ரப்பருக்குள் உறங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது பொருள் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு, பத்து நானோமீட்டர் அளவுத் துகள். விசை என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் பலவீனம். இதன் மதிப்பு உடம்புக்குள். இரும்பு ஆக்சைடு நானோதுகளான ஃபெருமாக்ஸிடால் 2009இலிருந்து அமெரிக்காவில் இரத்தசோகைக்கு ஊசி மருந்தாகவே இருக்கிறது. நியோடிமியத்துக்கு அந்த நற்பெயர் கிடையாது. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், அதனால் சிலிக்கா பூச்சு போட வேண்டியிருக்கிறது. உடம்புக்குள் மருந்தை இறக்கி விடும் சின்ன வேலை என்றால் மேக்னடைட்டை யோசிக்கலாம். தசை என்ற பெயருக்கு அது பொருந்தாது.

எவ்வளவு துகள் கலப்பது என்பதிலும் ஒரு தப்பு எண்ணம் உண்டு. அதிகம் போட்டால் அதிகம் வளையும் என்று நினைக்கிறார்கள். துகள் கூடக் கூட ரப்பர் விறைக்கும். 20 சதவீதத்தில் விறைப்பு இரண்டு மடங்கு. காந்தம் நேர்கோட்டில் ஏறுகிறது, விறைப்பு அதைவிட வேகமாக ஏறுகிறது. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் அதிக வளைவுக்கு 21 சதவீதமும், அதிக வேலைக்கு (விசையும் நகர்வும் சேர்ந்த அளவு) 29 சதவீதமும் உச்சமாக வருகின்றன. கன அளவில்தான் இந்தச் சதவீதம். எடையில் பார்த்தால் 10 கிராம் சிலிக்கோனுக்குச் சுமார் 18 கிராம் நியோடிமியம் தூள். கன அளவையும் எடையையும் குழப்பிக்கொண்டு 20 சதவீத எடை போட்டுவிட்டு "சார், அசையவே இல்லை" என்று வந்தவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

மற்றவை எப்படி?

காற்றுத் தசையில் தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் குழுவின் கையுறைக்கும் அதற்கும் ரத்த சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் அணு இயற்பியல் வேலை பார்த்த ஜோசப் மெக்கிபன், போலியோவால் கை செயலிழந்த தன் மகளுக்காக 1950களில் உருவாக்கியது அது. ரப்பர்க் குழாய்க்கு மேல் பின்னல் உறை. உள்ளே வாயுவை ஏற்றினால் குழாய் உப்பும், உறை அதைக் குறுக்கிவிடும், மொத்தமும் தசை போலச் சுருங்கும். நீளத்தில் 25 சதவீதம் வரை சுருக்கம் கிடைக்கும். ஃபெஸ்டோ நிறுவனம் விற்கும் 40 மி.மீ குறுக்களவுத் தசை 6000 நியூட்டன் வரை இழுக்கும். கல்லூரியில் செய்கிற 10 மி.மீ தசைகூட 3 பார் அழுத்தத்தில் பத்து நியூட்டனை எளிதாகத் தாண்டும். மின் ஒயர்களைக் கட்டாக மூடுவதற்கு விற்கிற விரியும் பின்னல் உறையும் ஒரு சிலிக்கோன் குழாயும் போதும். குறை என்று பார்த்தால் கம்ப்ரஸர், வால்வு, குழாய், சத்தம். அதுவும் வெளிப்பாதிதான், ஆனால் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பக்கத்து அறையில் இருந்தாலும் குழாய் வழியே அழுத்தம் அப்படியே வந்து சேரும். காந்தத்துக்கு அந்த வசதி இல்லை.

நிட்டினால் கம்பி: அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் பிறந்த நிக்கல்-டைட்டானியம் கலவை. சூடாக்கினால் சுருங்கும். கால் மி.மீ கம்பி ஒன்று ஏறக்குறைய 1 ஆம்பியரில் 900 கிராம் இழுக்கும். இவ்வளவு சின்ன உருவத்தில் இவ்வளவு விசை தருவது வேறொன்றும் இல்லை. ஆனால் சுருக்கம் 4 சதவீதம்தான், ஆறுவதற்கு 4-5 வினாடி பிடிக்கும், வேலை செய்யும் வெப்பம் 70 டிகிரிக்கு மேல். கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போகும்.

முறுக்கிச் சுருளாக்கிய நைலான் மீன்பிடி நரம்பு அதன் ஏழைத் தம்பி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ரே பாஃமனின் குழு 2014இல் சயன்ஸ் இதழில் காட்டியது. 49 சதவீதம் வரை சுருங்கும். வகுப்பில் செய்து காட்ட இதைவிட மலிவானதும் அழகானதும் கிடையாது. இதுவும் சூட்டால் இயங்குவதால் ஆறும் நேரம்தான் பிரச்சினை.

மின்புலத்தால் அழுந்தி விரியும் ரப்பர்ப் படலங்களும் உண்டு. 2000இல் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 100 சதவீதத்தைத் தாண்டும் நீட்சியைக் காட்டினார்கள். வேகத்தில் தசையையே மிஞ்சும். ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். மாணவர் கையில் நான் அதைக் கொடுப்பதில்லை.

மூன்று குழுக்களும் என்ன முடிவெடுத்தார்கள்

கையுறைக்கு நுனியில் சில நியூட்டன் வேண்டும். 5 நியூட்டன் என்று வையுங்கள். 20 மில்லிடெஸ்லாவில் காந்தப் பட்டையால் அதைக் கொடுக்க 2100 சதுர மி.மீ குறுக்குவெட்டு தேவை, அதாவது 46 மி.மீ சதுரம். விரலைவிட மூன்று மடங்கு பருமனான விரல். புலத்தைக் கூட்டினால் நோயாளி கையை ஒரு பெரிய காந்தத்துக்குள் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நிட்டினாலைப் பார்த்தோம். விரலை மடக்கும் கயிற்றை 40 மி.மீ இழுக்க ஒரு மீட்டர் கம்பி வேண்டும், அதுவும் தோலுக்கு அருகே 70 டிகிரியில். உணர்ச்சி குறைந்த கையில் சூடு பட்டால் நோயாளிக்கே தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை ஒதுக்கினேன். காற்றுத் தசையில் 40 மி.மீ இழுக்க 200 மி.மீ நீளம் போதும், முன்கையில் சௌகரியமாகப் படுக்கும். ஒரு பெண்ணுக்காகச் செய்த பொருள் எழுபது வருடம் கழித்தும் அதே வேலைக்குச் சரியாக வருகிறது என்பதில் எனக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டு. குழுவில் இருந்த ஒருவருக்கு ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. அவருடைய தாத்தாவின் கைக்காகத்தான் அந்த யோசனையே வந்தது என்று பிறகு சொன்னார். அப்படியென்றால் இன்னும் உறுதியாகக் காற்றுதான் என்றேன்.

முட்டைப் பிடிப்பானில் கணக்கு நூலிழையில் நின்றது. முட்டை 55 கிராம். இரண்டு விரல்கள், உராய்வு பாதி என்று வைத்தால் ஒவ்வொரு விரலும் 55 கிராம் விசையில் அழுத்த வேண்டும். 15 மி.மீ அகலம், 2 மி.மீ தடிமனுள்ள விரல் 160 மில்லிடெஸ்லாவில் 58 கிராம் கொடுக்கும். அடடா, முடியும்போல இருக்கிறதே என்று குழு துள்ளியது. ஆனால் 160 வேண்டுமென்றால் அந்த 370 கிராம் காந்தம் விரலுக்கு 20 மி.மீ அருகே தொங்க வேண்டும். ஒரு முட்டையைத் தூக்க ஏழு முட்டை எடையுள்ள காந்தத்தைச் சுமக்கும் கை. அறைகளாகப் பிரித்து வார்த்த சிலிக்கோன் விரலில் சில பத்து கிலோபாஸ்கல் காற்றை ஏற்றினால் இதே வேலை முடிந்துவிடும். ஹார்வர்டில் வைட்சைட்ஸின் குழு 2011இல் காட்டிய வழி அது, அவர்களும் முட்டையைத்தான் தூக்கிக் காட்டினார்கள். இதற்கும் காற்று.

கத்தீட்டரில் கதை தலைகீழ். 1 மி.மீ தடிமனுள்ள நுனிக்குள் காற்றுக் குழாய்க்கு இடம் ஏது? நிட்டினாலைச் சூடாக்கினால் ரத்தத்தையும் சூடாக்குவோம். விசையோ, பெரிதாக எதுவும் வேண்டாம், கிளை பிரியும் இடத்தில் தலையைத் திருப்பினால் போதும், தள்ளுவதை வெளியே இருக்கும் கை பார்த்துக்கொள்ளும். 1 மி.மீ தடிமன், 10 மி.மீ நீளமுள்ள, சற்று விறைப்பான சிலிக்கோனில் செய்த வன்காந்த நுனி, 35 மில்லிடெஸ்லாவில் 45 டிகிரி அருகே வளையும் என்று கணக்கு வருகிறது. 50 மி.மீ தூரத்தில் அந்த ஒற்றைக் காந்தமே போதும். ஜாவோவின் குழு 2019இல் இதையே 0.6 மி.மீ தடிமனில், வழுக்கும் ஹைட்ரோஜெல் மேல்தோலோடு செய்து, மூளை ரத்தக் குழாயின் மாதிரி வடிவத்துக்குள் ஓட்டிக் காட்டியது. நோயாளியின் இரு பக்கமும் பெரிய நிலைக்காந்தங்களை நிறுத்தி இதயக் கத்தீட்டரைத் திருப்பும் ஸ்டீரியோடாக்சிஸ் கருவிகளும் மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு மனித உடம்பின் அகலத்தைத் தாண்டிப் புலம் கொடுக்க எவ்வளவு பெரிய காந்தம் வேண்டும் என்பதை அவற்றின் அளவைப் பார்த்தாலே புரியும். அந்த நுனி உடம்பில் தங்கிவிட்டால் நோயாளியை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அனுப்ப முடியாது என்பதும் மறக்கக்கூடாதது.

இந்த வேலைக்குக் காந்த ரப்பர் எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். மூடிய குழாய்க்குள் இருக்கும் சின்ன வால்வு, திரவத்தைக் கலக்கும் மயிரிழைகள், திறக்கவே கூடாத பெட்டிக்குள் நடக்கும் அசைவு எல்லாம் இதே இனம். ஒயர் போக முடியாத இடம், கிராம் கணக்கில் விசை, வினாடிக்குப் பல முறை அசைவு என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை.

வார்க்கும்போது

துகள் அளவைக் கேட்டு வாங்குங்கள். 5 மைக்ரான் துகள், கலந்து ஊற்றிய சிலிக்கோன் இறுகத் தொடங்கும் முக்கால் மணி நேரத்தில் 0.1 மி.மீகூட இறங்காது. 50 மைக்ரான் துகள் அதே நேரத்தில் நூறு மடங்கு இறங்கப் பார்க்கும், அதாவது அச்சின் அடியில் ஒரு தட்டாகப் படிந்துவிடும். மேலே வெறும் ரப்பர், கீழே வெறும் தூள். காந்தமாக்காத தூளை முதலில் கலந்து, ரப்பர் இறுகிய பிறகே காந்தமாக்க வேண்டும். முன்னதாகக் காந்தமாக்கினால் துகள்கள் ஒன்றை ஒன்று பிடித்து உருண்டையாகிவிடும். நுண்ணிய நியோடிமியம் தூள் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் முகக்கவசம், காற்றோட்டம், பக்கத்தில் நெருப்பு இல்லாமை மூன்றும் கட்டாயம்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு தடவை நான்கு அச்சுகள் மூன்று நாள் ஆகியும் இறுகவில்லை, பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தன. சிலிக்கோன் பழையதோ, கலவை விகிதம் தப்போ என்று தேடித் தேடிக் கடைசியில் கையுறைதான் காரணம் என்று தெரிந்தது. லேடெக்ஸ் கையுறையில் உள்ள கந்தகம், பிளாட்டினத்தால் இறுகும் சிலிக்கோனைக் கெடுத்துவிடும். நைட்ரைல் கையுறைக்கு மாறியதும் சரியானது. பத்து ரூபாய்க் கையுறைக்கு ஒரு வாரம் போனது.

வாங்குவதிலும் ஒரு வார்த்தை. நியோடிமியம் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் அது இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் அந்த மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மணல் இங்கே இருந்தாலும், காந்தத் தூளாக்கும் வேலை பெரும்பாலும் சீனாவில் நடக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. ஆகவே தூளை ஆர்டர் செய்துவிட்டு அடுத்த வாரம் வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். கார்போனைல் இரும்புக்கு இந்தத் தலைவலி இல்லை.

கத்தீட்டர் குழு இப்போது செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். 40 × 10 × 1 மி.மீ அளவில் இரண்டு பட்டைகள், ஒன்று இரும்புத்தூள், ஒன்று நியோடிமியம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற 0.01 கிராம் தராசு ஒன்று. தராசுக்குள் இருக்கும் இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பதால் நுனி தள்ளுவதை நீளமான பிளாஸ்டிக் குச்சி வழியாகத் தராசுக்குக் கொண்டுபோகிறார்கள். காந்தத்தை 100, 80, 60, 50, 40, 20 மி.மீ என்று நகர்த்தி ஒவ்வொரு தூரத்திலும் கிராமை எழுதுகிறார்கள். இரண்டு கோடுகளும் எந்தத் தூரத்தில் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன என்று பார்ப்பதற்கு ஒரு மாலை நேரம் போதும்.